வீட்டுக் கூட்டத்தை நிறுத்த வேண்டாம்

செந்தூல்,
கோலாலம்பூர்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் மிகவும் சந்தோஷம், கர்த்தருக்கு ஸ்தோத்திரம். இங்கே எல்லோரும் சுகம். மகள் படிப்பை முடித்துக் கிள்ளானில் வேலைக்குப் போகிறாள்.

பட்டர்வொர்த்தில் உங்கள் சபை, வீடுகளில் கூடி ஜெபிக்கும் வீட்டுக் குழுக்களை நிறுத்திவிட்டு, மாதம் ஒருமுறை ஆலயத்திலேயே பெரிய ஜெபக்கூட்டம் வைக்க யோசிப்பதாக எழுதியிருந்தாய். வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

எங்கள் குழுவில் ஓர் அக்கா இருக்கிறார். ஞாயிறு ஆராதனைக்குத் தவறாமல் வருவார். வாசலில் போதகர் "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால் "நல்லா இருக்கேன், ஸ்தோத்திரம்" என்பார். அதே அக்கா ஒரு வெள்ளி இரவு, கூட்டம் முடிந்து என் மனைவியோடு அடுக்களையில் கோப்பை கழுவும்போதுதான் மனம் திறந்தார். கணவருக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ், ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம். போய்வரக் கிராப் வாடகைக் கார் காசு கட்டுப்படியாகவில்லை. அன்றிரவே முறை போட்டுக்கொண்டோம். இப்போது திங்கட்கிழமை நான், புதன் அன்று நைட் ஷிப்ட் முடிந்து வரும் ஒரு தம்பி, வெள்ளிக்கு இன்னொருவர் என்று கூட்டிப் போகிறோம். ஆலயம் நிறைய ஆட்கள் உட்கார்ந்திருக்கும்போது இதை யார் எழுந்து சொல்வார்?

நாம் மெதடிஸ்ட்காரர்கள், நம் சபைக்கு இது புதிதும் இல்லை. 1742இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் கூட்டம் நடத்தக் கட்டிய வீட்டின் கடனை அடைக்க, ஆளுக்கு வாரம் ஒரு பென்னி கொடுக்கலாம் என்று பேச்சு வந்தது. ஏழைகள் எங்கே போவார்கள் என்று ஒருவர் கேட்டார். கேப்டன் ஃபாய் என்பவர், மிகவும் ஏழைகளான பதினொரு பேரை என்னிடம் விடுங்கள், அவர்களால் முடியாததை நான் போடுகிறேன் என்றார். இப்படி வாராவாரம் காசு வாங்க வீடு வீடாகப் போனவர்கள், அங்கே குடியையும் குடும்பச் சண்டையையும் பார்த்து, மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியிடம் வந்து சொன்னார்கள். கடன் வசூல் ஆத்தும விசாரிப்பாக மாறியது. வகுப்புக் கூட்டம் என்ற, ஒரு தலைவரின் கீழ் வாராவாரம் கூடும் சிறு குழு பிறந்தது அப்படித்தான். சபை வரலாற்றிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

நம் ஜனங்களுக்கு இது இன்னும் அதிகமாகவே தேவை. தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் ஒரு வீட்டில் அடுப்பு எரியவில்லை என்றால் பக்கத்து வீட்டுக்குத் தெரிந்துவிடும். தோட்டங்கள் கைமாறி, நாம் அடுக்குமாடிக்கு வந்தபின் எதிர்வீட்டுக்காரர் பெயர்கூடத் தெரிவதில்லை. 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து ஆலயங்கள் பூட்டிக் கிடந்தபோது, யார் வீட்டில் அரிசி இல்லை என்பது எங்கள் சபைக்குக் குழுக்கள் மூலம்தான் தெரிந்தது.

உங்கள் குழுக்கள் ஏன் சோர்ந்துபோயின என்பதும் உன் கடிதத்திலேயே இருக்கிறது. இருபத்தைந்து பேர், ஒரு மணி நேரப் பிரசங்கம், அப்புறம் பிரியாணி! பிரியாணி போட வசதியில்லாதவர் வீட்டைத் திறக்கவே கூச்சப்படுவார். தேநீர், பிஸ்கட் போதும். ஆட்கள் பன்னிரண்டைத் தாண்டினால் இரண்டாகப் பிரித்துவிடுங்கள். நன்றாகப் பேசுகிறவரைவிட, வராதவரைத் தேடிப் போய் விசாரிக்கிறவரைத் தலைவராக வையுங்கள். ஒன்றில் மட்டும் கண்டிப்பு வேண்டும். ஜெபக் குறிப்பாக ஒருவர் சொன்னது வாட்ஸ்அப்பில் ஊர் சுற்றக் கூடாது. ஒருமுறை அப்படி ஆகிவிட்டால் பிறகு யாரும் வாய் திறக்கமாட்டார்கள்.

பள்ளி விடுமுறையில் இங்கே வருவதாக எழுதியிருந்தாயே, வெள்ளி மாலைக்குள் வந்து சேர்வதுபோல் ஈடிஎஸ் ரயில் டிக்கெட் எடு. எங்கள் கூட்டத்தில் உட்கார்ந்து பார். உங்கள் போதகரையும் அழைத்து வர முடிந்தால் இன்னும் நல்லது, வீட்டில் இடம் இருக்கிறது. அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் நண்பன்