விலாவில் மிஞ்சிய பிடிப்பு

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். காசநோயால் நெஞ்சில் நீர் கோத்ததற்குக் கொடுத்த ஆறு மாத மாத்திரையையும் விடாமல் சாப்பிட்டு முடித்துவிட்டாய். ஆனாலும் மூச்சை இழுத்துவிட்டால் இடது விலாவில் சுருக்கென்று பிடிக்கிறது, எக்ஸ்ரேயில் கீழ்மூலை இன்னும் மங்கலாகத்தான் இருக்கிறது என்கிறாய். நோய் போகவில்லையோ என்று நீ கலங்குவது புரிகிறது.

கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் செவிலியராக இருந்த காலத்தில் நெஞ்சில் நீர் கோத்தவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். நுரையீரலைச் சுற்றியிருக்கும் இரண்டு மெல்லிய உறைகளும் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி நகர வேண்டியவை. காசநோயால் அவை அழன்று, இடையில் கோத்த நீர் வற்றும்போது, பலருக்கு உறை தடித்துப்போகும். சில இடங்களில் ஒட்டிக்கொள்வதும் உண்டு. உனக்கு இருப்பது பெரும்பாலும் அந்தத் தழும்புதான். பலருக்கு அது மாதக்கணக்கில் மெல்லக் குறையும். மிகச் சிலருக்கே உறை கெட்டியாகி நுரையீரலை விரியவிடாமல் இறுக்கி, அறுவை சிகிச்சை வரை கொண்டுபோகும்.

மருந்து இல்லாத காலத்திலும் இந்த நீர் தானாக வற்றியதுண்டு. ஆனால் அப்படி வற்றியவர்களில் ஏறக்குறைய மூன்றில் இருவருக்கு 5 ஆண்டுகளுக்குள் காசநோய் மீண்டும் தலைகாட்டியது. நீ மருந்தை முழுதாக முடித்தது அதனால்தான் எனக்கு இவ்வளவு பெரிய ஆறுதல். இருந்தாலும் சாயங்காலக் காய்ச்சல், இரவு வியர்வை, எடை குறைதல், இரண்டு வாரம் தாண்டிய இருமல் இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே மருத்துவரைப் பார். வலிக்குப் பயந்து மேலோட்டமாக மூச்சுவிட்டுப் பழகிவிடாதே. அவர் சொல்லித்தந்த மூச்சுப் பயிற்சியைக் காலையும் மாலையும் செய். பீடி, சிகரெட் வேண்டவே வேண்டாம்.

ஊருக்கு வந்து மாமாவோடு சங்கு குளிக்கப் போவேன் என்றாயே, அதற்கு மட்டும் நான் இப்போது சம்மதிக்க மாட்டேன். பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் கரையில் உள்ளதைப்போல் இரண்டு மடங்கு. படகிலிருந்து காற்று அனுப்பும் கம்ப்ரசர் குழாயில் மூச்சிழுத்தவன் மேலே ஏறும்போது நெஞ்சுக்குள் இருக்கும் காற்று விரியும். அது வெளியேற வழியில்லாமல் ஓரிடத்தில் அடைபட்டால், ஏற்கெனவே தழும்பேறிய நுரையீரல் கிழிந்துபோகக்கூடும். ஆழத்தில் அப்படி ஒன்று நேர்ந்தால் படகில் இருப்பவர்களால் என்ன செய்ய முடியும்? மூச்சுத்திறன் சோதனையும் புதிய எக்ஸ்ரேயும் எடுத்து, கடலில் இறங்கலாம் என்று நுரையீரல் மருத்துவரே சொல்லட்டும், அதன்பிறகு பேசலாம். மாமாவிடமும் இதைச் சொல்லிவிட்டேன்.

சோதனை முடிந்ததும் அறிக்கையைப் படமெடுத்து அனுப்பு.

அன்புடன்,
அம்மா