சாட் போகும் மகளுக்கு

அன்புள்ள பிள்ளைக்கு,

உன் மின்னஞ்சல் கிடைத்தது. சாட் நாட்டு எல்லையில் உள்ள அத்ரேக்குப் போய், அங்கிருந்து சண்டை நடக்கும் சூடானின் டார்பூருக்குள் இரண்டு கிழமை நிற்கப் போவதாக எழுதியிருக்கிறாய். போகாதே என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. ஊரடங்குக்குள்ளும் சைக்கிள் எடுத்து டியூசனுக்குப் போன பிள்ளையிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வராது.

எனக்கு வேண்டியது வேறு. நீ சுயாதீன ஊடகவியலாளர். ஒருவருக்கும் கைகட்டி நிற்கத் தேவையில்லை, சரி. ஆனால் யாராவது உன்னைப் பிடித்து வைத்தால் யாருக்குப் போன் எடுப்பான்? உனக்குத்தான் ஒரு ஒபிஸும் இல்லையே. நேரே இந்த வீட்டுக்குத்தான் எடுப்பான்.

சின்ன வயதில் நீ போர்ச் செய்தியாளர் மேரி கொல்வினின் படத்தை வெட்டி அலுமாரிக் கதவில் ஒட்டி வைத்திருந்தாய். 2001இல் எங்கள் வன்னிக்கு வந்து திரும்புகையில் ஒரு கண்ணை இழந்த மனுஷி. 2012இல் சிரியாவின் ஹோம்ஸ் நகரில் உயிரும் போனது. அவருக்குப் பின்னால் ஒரு பெரிய பத்திரிகை நின்றது, அப்படியிருந்தும் அந்தக் கதி. உனக்குப் பின்னால் நிற்பது நானும் கொப்பாவும்தான். அதனால் கொஞ்ச நாளாக இந்தப் பணயக்கைதிகளின் வீட்டுக்காரர் என்ன பட்டார்கள் என்று தேடித் தேடி வாசிக்கிறேன்.

உன்னைப் போலச் சுயாதீன ஊடகவியலாளரான கனடாப் பிள்ளை அமண்டா லிண்ட்ஹவுட்டை 2008 ஓகஸ்டில் சோமாலியாவில் கடத்தினார்கள், கூடவே ஓர் அவுஸ்திரேலியப் படப்பிடிப்பாளரையும். 15 மாதம் வைத்திருந்தார்கள். அந்தப் பிள்ளையின் தாய்தான் கடத்தல்காரரோடு போனில் கதைத்துப் பேரம் பேசினார். கடைசியில் இரண்டு வீட்டுக்காரரும் காசு திரட்டித்தான் பிள்ளைகளை மீட்டார்கள்.

அமெரிக்கப் பெடியன் ஜேம்ஸ் ஃபோலியின் கதை இன்னும் மோசம், அவனும் சுயாதீன ஊடகவியலாளன்தான். 2012 நவம்பரில் சிரியாவில் பிடிபட்டான். ஒரு வருசம் கழித்துத்தான் வீட்டுக்கு மின்னஞ்சல் வந்தது. கேட்ட கப்பம் 10 கோடி யூரோ. கப்பம் கொடுத்தால் உங்கள்மேலேயே வழக்கு வரும் என்று அமெரிக்க அதிகாரிகளே தாய் தகப்பனை வெருட்டியிருக்கிறார்கள். அவனோடு அடைபட்டிருந்த ஐரோப்பியர் பலர் காசுக்கு வெளியே வந்தார்கள். அவனை 2014 ஓகஸ்டில் கொன்றார்கள். குடும்பங்களை வழக்குச் சொல்லி வெருட்டுவதில்லை என்று ஒபாமா அரசு 2015இல்தான் அறிவித்தது. நீ வைத்திருப்பது பிரித்தானியப் பாஸ்போர்ட். பிரித்தானிய அரசும் கப்பம் கொடுக்காது. பாஸ்போர்ட் இருக்கிறது, பயப்படாதே என்று இனி எனக்குச் சொல்லாதே.

அந்தக் கதையில் ஒன்றை வாசித்துவிட்டு அன்றைக்கு எனக்குச் சமையல் ஓடவில்லை. காகிதக் கடிதம் ஒன்றும் வெளியே போகாது என்று தெரிந்து, ஃபோலி தன் வீட்டுக்கான கடிதத்தைக் கூட இருந்த டென்மார்க் பெடியனுக்குச் சொல்ல, அவன் அதைப் பாடமாக்கியிருக்கிறான். 2014 ஜூனில் விடுதலையானதும் ஃபோலியின் தாய்க்குப் போன் எடுத்து முழுவதையும் ஒப்பித்தான். அதற்குள், அம்மம்மா மருந்தை ஒழுங்காகக் குடிக்க வேண்டும் என்றும் இருந்ததாம். அந்த இருட்டுக்குள்ளும் கிழவியின் மருந்து ஞாபகம் வந்திருக்கிறது, பார்.

சரி, விசயத்துக்கு வருகிறேன். பிள்ளை உயிரோடு இருக்கிறாளா என்று அறிய, அவளுக்கு மட்டும் பதில் தெரிந்த ஒரு கேள்வியைக் கேட்பார்களாம். அதை முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும். நாயின் பெயர் சரிவராது, நீ அதைப் பேஸ்புக்கில் படத்தோடு போட்டுவிட்டாய். பள்ளிக்கூடமும் அப்படித்தான். நான் யோசித்து வைத்திருப்பது இது: 1995 ஒக்டோபர் 30 இரவு, சண்டைக்குப் பயந்து யாழ்ப்பாணத்தை விட்டு ஊரே வெளிக்கிட்ட நேரம், கொப்பா பொலித்தீன் பையால் சுற்றிச் சணல் கயிற்றால் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கியது என்ன? உனக்கு அப்போது ஏழு வயது. நாவற்குழிப் பாலத்தில் சனத்துக்குள் நெரிபட்டு, மழையில் நனைந்து நிற்கும்போதும் அதைக் கேட்டுத்தான் அழுதாய். அடுத்த வருசம் திரும்பி வந்து வெளியே எடுத்தபோது அது இருந்த கோலமும் உனக்குத் தெரியும். பதிலை இங்கே எழுத மாட்டேன். நீயும் எழுதாதே, போனில் மெதுவாகச் சொல்.

இன்னொன்று. உன்னை ஏற்றிப் போகும் டிரைவர், மொழிபெயர்க்கும் பெடியன், இரண்டு பேருடைய வீட்டு நம்பரும் எனக்கு வேண்டும். அவர்களுக்கும் தாய் இருப்பாள். வெளிநாட்டுக்காரர் பிடிபட்டால் உலகமே பெயர் சொல்லும், உள்ளூர்க்காரரை யார் தேடுவது? நாங்கள் அந்தப் பக்கம் இருந்து பார்த்தவர்கள். பிபிசிக்குச் செய்தி கொடுத்த நிமலராஜனை 2000 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தில் அவருடைய வீட்டுக்குள்ளேயே கொன்றார்கள். வந்து போகிற வெள்ளைக்காரருக்கு விமானம் இருந்தது, அவருக்குப் போக இடம் இருக்கவில்லை.

ஏதும் நடந்தால் வெளியே சொல்லாமல் அமைதியாக இருங்கள் என்று அதிகாரிகள் சொல்வார்கள். ஃபோலி வீட்டுக்காரரும் கொஞ்ச நாள் பேசாமல் இருந்துவிட்டுத்தான் வெளியே சொன்னார்கள். எது சரி என்பதில் விசயம் தெரிந்தவர்களுக்குள்ளேயே இரண்டு பக்கம் உண்டு. என்னைக் கேட்டால், எனக்கு வாய் பொத்தி இருக்க வராது. கிளிநொச்சியில் 2017 பெப்ரவரியில் தொடங்கி, காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படத்தைப் பிடித்துக்கொண்டு றோட்டோரம் இருக்கும் தாய்மாரோடு நானும் போய் இருந்திருக்கிறேன். எந்தக் கதவைத் தட்டுவது என்றே தெரியாமல் அலைந்த அலைச்சலைத்தான் அவர்கள் அதிகம் சொல்வார்கள். எனக்கு அந்தக் கதவுகளின் நம்பரையாவது எழுதித் தந்துவிட்டுப் போ. உன் கட்டுரையை வாங்கும் ஆசிரியர் யார், காப்புறுதி இருக்கிறதா, ஒரு நாள் சத்தம் இல்லாவிட்டால் முதலில் யாருக்கு அடிப்பது, எல்லாம். இரத்தப்போக்கை நிறுத்தக் கட்டுப்போடும் பயிற்சியும் எடுத்துவிட்டுப் போ. சுயாதீனமாக வேலை செய்பவர்களுக்கு அதை இலவசமாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்களாம், லிபியாவில் ஒரு படப்பிடிப்பாளர் இரத்தம் போய் இறந்த பிறகு.

வெளிக்கிட முதல் ஒருக்கால் போன் எடு. எங்கட நேரம் இரவு எட்டரைக்குப் பிறகு எடுத்தால் நல்லது, அப்பா செய்தி பார்த்துவிட்டுப் படுத்துவிடுவார். அவருக்கு நீ சாட் வரைக்கும்தான் போகிறாய் என்று சொல்லியிருக்கிறேன்.

அம்மா