நம் அறிவியல் மன்றத்தின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அண்ணாச்சி அவர்களே, வந்திருக்கும் உறுப்பினர்களே, பெற்றோர்களே, பிள்ளைகளே, அனைவருக்கும் வணக்கம்.

கடந்த ஏப்ரல் முதல் இந்த மார்ச் வரை, கல்லிடைக்குறிச்சியில் நம் மன்றம் செய்த வேலைகளின் அறிக்கை இது. செயற்குழு ஐந்து முறை கூட்டப்பட்டது. மூன்று முறை கோரம், அதாவது கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கை, சேராமல் கலைந்தோம். சுதந்திர தினத்தில் கொடியேற்றி மிட்டாய் கொடுத்தோம். ஆயுத பூஜையன்று பூதக்கண்ணாடிகளுக்கும் பொட்டு வைத்தோம். பிப்ரவரி 28 அன்று, 1928-ல் ராமன் விளைவு கண்டறியப்பட்ட நாளை முன்னிட்டு, பிள்ளைகளைக் கொக்கிரகுளத்தில் உள்ள மாவட்ட அறிவியல் மையத்துக்கு அழைத்துப் போய் வந்தோம்.

இந்த வருடம் ஒளியும் நிறமும் என்று முடிவு செய்து, ஞாயிற்றுக்கிழமைகளில் செய்முறைகள் நடத்தினோம். சாக்பீஸில் கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் ஒரு வட்டம் போட்டு, அடிப்பக்கம் மட்டும் நனையும்படி தண்ணீரில் நிறுத்தினால், மை மேலே ஏறும்போதே நீலமும் ரோஸும் மஞ்சளுமாகப் பிரியும். பழைய சிடியில் மில்லிமீட்டருக்கு 600-க்கு மேல் தடங்கள் இருப்பதால் அதுவே நிறங்களைப் பிரித்துக் காட்டும். வெயிலைக் காட்டினால் நிறங்கள் இடைவெளி இல்லாத ஒரே பட்டையாக வரும், சிஎஃப்எல் விளக்கைக் காட்டினால் தனித்தனிக் கீற்றாக வரும். இவை எல்லாம் நன்றாகவே நடந்தன.

இதே செய்முறைகளுக்காக நாம் அமைத்த இருட்டறையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். “செயலாளர் மன்றத்துப் பணத்தை ஆச்சி வீட்டு ஜன்னலை அடைக்கச் செலவழித்தார்” என்று ஒரு பேச்சு உலாவியது என் காதுக்கும் வந்தது.

நடந்தது இதுதான். நம் தெருவில் கீழவரிசை ஆச்சி தன் வீட்டுத் தார்சாவை, அதாவது முன்கூடத்தை, ஞாயிறு காலைகளில் நமக்கு விட்டுக்கொடுத்தார்கள். அதன் ஜன்னல் மேற்குப் பார்த்தது. காலை வெயில் எதிர்வரிசைச் சுவர்களில் பளீரென்று அடிக்கும் நேரம் அது. ஜன்னலை அட்டையாலும் கறுப்புத் துணியாலும் அடைத்து, நடுவில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஓட்டை போட்டோம். சுவரில் வெளிச்சம் விழுந்தது. ஆனால் ஒன்றும் தெளிவில்லை. அதன்மேல் பட்டாணி அளவு ஓட்டை போட்ட இன்னொரு அட்டையை ஒட்டினோம். படம் மங்கியது, ஆனால் கோடுகள் கூர்மையாகின. கண் இருட்டுக்குப் பழக ஐந்து நிமிடம் உட்காரச் சொன்னேன். அப்புறம் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் கத்தினான்: “சார், மாடு உத்தரத்துல நடக்கு!”

உண்மைதான். வெள்ளையடித்த சுவரில் நம் தெரு முழுக்கத் தலைகீழாக, அதனதன் நிறத்தோடு தெரிந்தது. கொடியில் காய்ந்த மஞ்சள் சேலை கீழிருந்து மேலாகத் தொங்கியது. பாயில் பரப்பிய அப்பளங்கள் மேலே வரிசையாக இருந்தன. வடக்கே போன சைக்கிள் சுவரில் தெற்கே போனது. ஏன் தலைகீழ் என்று நான் சொல்லித்தரவில்லை. சணல் நூலை எதிர்வீட்டு மாடிக் கைப்பிடியில் கட்டி, ஓட்டை வழியாக இழுத்து, நேராகச் சுவர் வரை கொண்டுவரச் சொன்னேன். மாடியிலிருந்து வந்த நூல் சுவரின் அடியில் முட்டியது. வாசற்படியிலிருந்து வந்தது மேலே முட்டியது. ஒளி நேர்கோட்டில்தான் போகிறது என்று பாடப் புத்தகத்தில் ஒரே வரியாகப் படித்ததைப் பிள்ளைகள் கையால் பிடித்துப் பார்த்தார்கள்.

சுமார் 1,000 வருடங்களுக்கு முன் அரபு அறிவியலாளர் இப்னு அல் ஹைதம் இதேபோல் ஓட்டை வழியே ஒளியை விட்டுச் சோதித்தவர். கேமரா என்ற சொல்லே லத்தீனில் அறையைக் குறிப்பதுதான். அடுத்த வாரம் ஆச்சியின் பழைய வெள்ளெழுத்துக் கண்ணாடியில் இருந்து ஒரு வில்லையைக் கழற்றி, ஓட்டையைப் பெரிதாக்கிப் பொருத்தினோம். 1 பவர் வில்லைக்குக் குவியத் தூரம், அதாவது வில்லையிலிருந்து தொலைவிலுள்ள வெளிச்சம் குவியும் இடம் வரையான தூரம், 1 மீட்டர், 2 பவருக்கு அரை மீட்டர். வெள்ளை அட்டையை முன்னும் பின்னும் நகர்த்தி, ஆச்சியின் வில்லை 2 பவர் என்று பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள். ஆச்சிக்கு ஒரே சந்தோஷம்.

இதற்கான செலவு அட்டை, துணி, பசை மட்டும்தான். ரசீதுகள் என்னிடம் உள்ளன, யாரும் பார்க்கலாம். ஒன்றை மட்டும் மனவருத்தத்தோடு சொல்கிறேன். கேள்வி கேட்டவர்களின் பிள்ளைகள் ஒரு ஞாயிறும் தவறவில்லை. கேள்வி கேட்டவர்கள் ஒரு ஞாயிறும் எட்டிப் பார்க்கவில்லை. கதவை அடைத்து, பிள்ளைகளை உட்காரவைத்து, வெளியே தெருவில் ஒருவரை நடக்கவைக்க வேண்டும் என்றால் குறைந்தது மூன்று பெரியவர்கள் தேவை. பல வாரம் நானும் ஆச்சியும் மட்டும்தான் இருந்தோம்.

வரவு செலவைப் பொருளாளர் அண்ணாச்சி தனியாக வாசிப்பார்கள். கையிருப்பு பெரிதாக இல்லை, கடனும் இல்லை. உறுப்பினர்களில் பாதிப் பேருக்கு மேல் சந்தா பாக்கி. சிலருக்கு இரண்டு வருட பாக்கி. வீடு தேடிப் போனால் “அடுத்த மாதம் பார்ப்போம்” என்கிறார்கள்.

இடம் தந்த ஆச்சிக்கும், கண்ணாடித் துண்டுகளை இலவசமாக வெட்டித்தந்த கடைக்காரருக்கும், தலைவருக்கும், பிள்ளைகளை அனுப்பிய பெற்றோருக்கும் மன்றத்தின் நன்றி.

வரும் வருடம் பற்றி ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுகிறேன். ஆச்சியின் மகன் குடும்பம் ஊரோடு வந்துவிடுவதால் ஆடி வரைதான் தார்சா நமக்கு. மேற்கோ கிழக்கோ பார்த்த ஜன்னல் உள்ள ஓர் அறை, வாரம் இரண்டு மணி நேரம் கிடைத்தால் போதும். அப்படி அறை இருப்பவர்கள் இந்த அவையிலேயே இருக்கிறீர்கள். செயலாளர் பொறுப்பை வேறு யாராவது ஏற்றாலும் இருட்டறை வேலையை நான் விடமாட்டேன்.

உடனடி வேலை ஒன்று இருக்கிறது. சித்திரை பிறப்பதற்கு ஓரிரு நாள் முன்பு, ஏப்ரல் 12-ஐ ஒட்டி, நம் ஊருக்கு நேர் உச்சியில் சூரியன் வரும். நண்பகல் 12:20 வாக்கில், நட்டுவைத்த குச்சிக்கு நிழலே இருக்காது. அன்று பள்ளி மைதானத்தில் குச்சி நட இருக்கிறோம். 12 மணிக்கே வந்துவிடுங்கள்; ரசீதுப் புத்தகமும் என் கையில் இருக்கும்.

இப்படிக்கு,
செயலாளர்