திக்கம் வடிசாலைக்கு ஒரு வாசல் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

வடமராட்சியில் பனங்கள்ளைச் சாராயமாக வடிக்கிற திக்கம் வடிசாலை என்றாலே அதைத் தனியாருக்குக் கொடுப்பதா, பனை சீவும் தொழிலாளரின் கூட்டுறவுச் சங்கங்களே நடத்துவதா என்ற சர்ச்சையோடு நம்முடைய பேச்சு நின்றுவிடுகிறது. நான் சங்கங்களின் பக்கம். ஆனால் யார் நடத்தினாலும், வெளியூர்ச் சனம் வந்து பார்க்க அங்கே ஒரு நல்ல பார்வையாளர் நிலையம் வேண்டும், அது பனையையும் பனை ஏறுகிறவர்களையும் முன்னே வைத்துக் கட்டப்பட வேண்டும் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் இருப்பது ஸ்கொட்லாந்தில். இங்கே கிளென்பிடிக் வடிசாலை 1969இலேயே பார்வையாளருக்குக் கதவைத் திறந்துவிட்டது. 2019இல் இந்த நாட்டு விஸ்கி வடிசாலைகளுக்கு வந்தவர்களின் எண்ணிக்கை 20 லட்சத்தைத் தாண்டியது. மக்கலன் வடிசாலை 2018இல் திறந்த கட்டடத்தின் கூரை புல் முளைத்த மேடுகள் போல அலையலையாக எழும்பி நிற்கும், பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் ஊரிலிருந்து வருகிறவர்களை நான் கூட்டிப்போகிற இடங்களில் அவர்கள் பிறகும் சொல்லிச் சொல்லி மகிழ்வது கூரையைப் பற்றி இல்லை. புளிக்கிற தொட்டியின் மூடியைத் திறந்து "குனிந்து மணந்து பாருங்கள்" என்பார்கள், மூக்கில் சுரீரென்று ஏறும், குடியே தொடாத மாமிமார்கூடச் சிரித்துவிடுவார்கள். இங்கே 2014 டிசம்பரில் வாகனம் ஓட்டுகிறவர்களுக்கான மது அளவை, 100 மில்லிலீட்டர் இரத்தத்தில் 80 மில்லிகிராமிலிருந்து 50 ஆகக் குறைத்தார்கள். அதனால் ஓட்டி வந்தவருக்கு அவருடைய பங்கைச் சின்னப் போத்தலில் ஊற்றிக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். லப்ரோய்க் வடிசாலையில் வாடிக்கையாளருக்கு ஒரு சதுர அடி நிலத்தைப் பெயரளவில் ஆயுள் குத்தகைக்குக் கொடுத்து, அதைப் போய்ப் பார்க்க இறப்பர் சப்பாத்தும் தருகிறார்கள். வந்தவரை மதிப்பது என்றால் இதுதான்.

சரி, திக்கத்தில் என்ன காட்டலாம்? பனையடியில் தொடங்குங்கள். தளநாரைக் காலில் மாட்டி ஒருவர் ஏறுவதையும், பாளையைச் சீவி முட்டி (கள்ளு இறக்கும் பானை) கட்டுவதையும் சனம் நின்று பார்க்கட்டும். சுண்ணாம்பு பூசிய முட்டியில் இறங்குவது புளிக்காத, இனிப்பான கருப்பணி, பூசாத முட்டியில் இறங்குவது கள்ளு, இரண்டும் ஒரே மரம், ஒரே பாளை. பிள்ளைகளுக்குப் பனையோலைப் பிளாவில் கருப்பணியை வார்த்துக் கொடுத்து இதைச் சொன்னால் ஒரு பாடப்புத்தகமும் தேவையில்லை. அப்புறம் கள்ளு வடிசாலைக்குள் போய்ச் சாராயமாகி வருவதை, ஆவி தீப்பற்றக்கூடியது என்பதால், கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்க வழி செய்யலாம்.

இந்தக் கதையைச் சொல்ல வேண்டியவர்கள் சீவல் தொழிலாளர்கள்தான். கழுத்தில் அட்டை மாட்டிய யாரோ ஒருவர் மனப்பாடம் செய்து ஒப்புவிக்கக் கூடாது. சீவல் பருவம் முடிந்தால் வருமானம் விழுந்துவிடுகிற குடும்பங்கள் அவை, விளக்கம் சொல்வதற்குச் சம்பளம் கொடுத்தால் அந்த மாதங்கள் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். அந்த மனிதர்களின் கள்ளைக் குடித்துவிட்டு அவர்களைக் கோயில் வாசலில் நிறுத்திய ஊர்கள் நம்முடையவை. அதையும் அந்த நிலையத்தின் சுவரில் மறைக்காமல் எழுத வேண்டும். போரில் காவலரண்களுக்காகத் தறிக்கப்பட்ட பனைகளின் கதையும் அங்கே இருக்கட்டும்.

குடியால் ஏற்கனவே சீரழிந்து கிடக்கிற வடக்குக்கு இது தேவையா என்று கேட்பவர்கள் இருப்பார்கள், அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. இலங்கையின் 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மது விற்கக் கூடாது, மதுவுக்கு விளம்பரமும் செய்யக் கூடாது. பௌர்ணமிப் போயா தினத்தில் விற்பனையே இல்லை. ஆகவே ஒரு துளி சாராயம் ஊற்றாத நாளிலும் வந்தவர் நிறைவாகத் திரும்பும்படி அந்த இடத்தை அமைக்க வேண்டும். பனங்கட்டியோடு பிளேன்டீ, ஒடியல் கூழ், பனங்காய்ப் பணியாரம் எல்லாம் முன்பக்கத்தில் இருக்கட்டும். ருசி பார்க்கும் அறை கடைசியில், தனி வாசலோடு, சின்னக் கிளாஸ் ஒன்றோடு நிற்கட்டும், குடிக்காதவர் அதைத் தாண்டித்தான் வெளியே வர வேண்டும் என்ற நிலை வேண்டாம். இங்கே பல வடிசாலைகளில் கடை வழியாகத்தான் வெளியே விடுகிறார்கள், அதை நாம் பின்பற்ற வேண்டியதில்லை. பெண்கள் கூசாமல் குடும்பத்தோடு வந்து இருக்க நிழலும், உட்கார வாங்குகளும், சுத்தமான மலசலகூடமும் கட்டாயம் வேண்டும். எத்தனையோ நல்ல இடங்கள் இந்த ஒன்றில்தான் கெட்டுப்போகின்றன.

இதற்குப் பெரிய கட்டடம் தேவையில்லை. பனையோலை வேய்ந்த ஒரு கொட்டில், நாலு தொழிலாளர், சனி ஞாயிறு இரண்டு நாள் என்று தொடங்கலாம். பனை பற்றிய ஆராய்ச்சிக்குக் கைதடியில் ஒரு நிறுவனமே இருக்கிறது, அவர்களையும் சேர்த்துக்கொண்டு பனை அபிவிருத்திச் சபையும் சங்கங்களும் ஒரு தடவை இருந்து பேசினால் அடுத்த சீவல் பருவத்துக்கே இதைத் தொடங்கிவிடலாம். உங்கள் பத்திரிகை இரு தரப்பையும் கேட்டு எழுத வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

இப்படிக்கு,
வடமராட்சி வாசகர் ஒருவர்,
கிளாஸ்கோ