மூட்டு பார்க்கும் ஸ்கேன் புரோப் ஒன்று வாங்க உதவுங்கள்

அன்புடையீர்,

இரவோடிரவாகக் கால் பெருவிரல் சிவந்து வீங்கி, போர்வை பட்டாலே துடிக்கிறவர்கள் வாவிக்கு மேற்கே எங்கள் படுவான்கரையில் உங்கள் வீட்டிலும் இருப்பார்கள். வரம்பில் சுளுக்கியது என்று எண்ணெய் தடவுவோம், இல்லையேல் ‘வாதம்’ என்று விட்டுவிடுவோம். பலருக்கு அது கவுட். குருதியில் கூடிய யூரிக் அமிலம் ஊசிபோன்ற பளிங்குகளாக மூட்டில் படிவதால் வருவது.

வலி உச்சத்தில் நிற்கும்போது குருதியைச் சோதித்தால் யூரிக் அமிலம் சாதாரண அளவிலேயே இருக்கலாம். ‘ஒன்றுமில்லை’ என்று வீடு திரும்பியவர்கள் உண்டு. கூடியிருந்தாலும் அதை மட்டும் வைத்துக் கவுட் என்று சொல்லிவிட முடியாது. கிருமி புகுந்த மூட்டும் இப்படித்தான் வீங்கும். அதைத் தவறவிட்டால் சில நாட்களிலேயே மூட்டு பழுதாகிவிடும்.

இங்கேதான் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் உதவும். அதில் எலும்பின் மேற்பரப்பு வெள்ளைக் கோடாகவும், அதை மூடிய குருத்தெலும்பு கறுப்புப் பட்டையாகவும் தெரியும். பளிங்கு படிந்திருந்தால் பட்டையின் மேலே இன்னொரு வெள்ளைக் கோடு ஓடும். அமெரிக்க, ஐரோப்பிய வாதநோய் மருத்துவ அமைப்புகள் 2015இல் வெளியிட்ட கவுட் அளவுகோல்களில் இந்த இரட்டைக் கோடும் ஒன்று. நோய் தொடங்கிய புதிதில் சிலருக்கு இது தென்படாது. மூட்டு நீரை ஊசியால் எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்ப்பதே உறுதியான சோதனை. அந்த ஊசிக்கு வழி காட்டுவதும் ஸ்கேன்தான்.

புதிய ஸ்கேன் மெசின் வாங்கப்போகிறோம் என்று ஊரில் ஒரு கதை. அப்படியில்லை. மெசின் எமது வைத்தியசாலையில் இருக்கிறது. அதிலுள்ளது வயிற்றையும் கர்ப்பிணித் தாய்மாரையும் பார்க்கும் வளைந்த புரோப், அதாவது உடலின் மேல் வைத்துப் பார்க்கும் கைக்கருவி. ஆழத்தைக் காட்டும், பெருவிரல் மூட்டின் மெல்லிய கோட்டைப் பிரித்துக் காட்டாது. அதே மெசினில் மாட்டக்கூடிய, உயர் அதிர்வெண் கொண்ட லீனியர் (நேர் முனை) புரோப் ஒன்றுதான் தேவை. பார்க்கத் தெரிந்தவர் வேண்டுமே என்கிறீர்களா? எமது வைத்தியர் மூட்டு ஸ்கேன் பழகியவர். கருவி இல்லாததால்தான், கால் ஊன்ற முடியாதவரைப் பாதையில் (வாவியைக் கடக்கும் மிதவையில்) ஏற்றிக் குருமண்வெளி கடத்தி, பஸ்ஸில் மட்டக்களப்புக்கு அனுப்புகிறோம்.

விலைமனுக்கள் வைத்தியசாலை அறிவித்தல் பலகையில் உள்ளன. யாரும் பார்க்கலாம், குறைவான விலைக்கு ஆள் தெரிந்தால் சொல்லலாம். காசில்லாதவர்கள் வேளாண்மை வெட்டு முடிந்ததும் நெல்லாகத் தாருங்கள், கோயிலுக்குக் கொடுப்பதுபோல. ஒரு மரைக்கால் என்றாலும் பற்றுச்சீட்டு உண்டு. வெளிநாட்டு உறவுகள் கணக்கிலக்கத்தைக் குழுவிடம் நேரில் பேசி உறுதிசெய்த பின்னரே பணம் அனுப்பவும்.

இப்படிக்கு,
வைத்தியசாலை நலன்புரிக் குழுவினர்