புகார்: டீசல் ஃபோர்க்லிஃப்ட் எக்ஸாஸ்ட் பாதுகாப்பு கிட் வேலை செய்யவில்லை, 41 நாளாக வண்டி நிற்கிறது

அனுப்புநர்:
பராமரிப்புப் பிரிவு,
கரைப்பான் டிரம் கிடங்கு,
மணலி, சென்னை.

பெறுநர்:
பொது மேலாளர்,
சர்வீஸ் பிரிவு.

பொருள்: 3 டன் டீசல் ஃபோர்க்லிஃப்டுக்கு நீங்கள் பொருத்திக் கொடுத்த எக்ஸாஸ்ட் பாதுகாப்பு கிட்டில் (எஞ்சினின் சூடும் தீயும் வெளியே உள்ள ஆவியைப் பற்றவைக்காமல் தடுக்கும் கருவித் தொகுப்பு) உள்ள குறைகளை 7 முறை புகார் செய்தும் சரிசெய்யாதது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். உங்கள் டோல் ஃப்ரீ எண்ணில் இதுவரை 7 புகார் எண்கள் வாங்கியிருக்கிறேன். அதில் ஆறுக்கு "புகார் தீர்க்கப்பட்டது" என்று குறுஞ்செய்தி வந்து மூடிவிட்டார்கள். வண்டியோ ஷெட்டை விட்டு ஒரு அடி நகரவில்லை. இனி போனில் பேசிப் பயனில்லை என்பதால் எழுத்தில் தருகிறேன். தயவுசெய்து கடைசிவரை படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

எங்கள் கிடங்கில் இருப்பது ஹெக்ஸேனும் டொலுவீனும், எளிதில் தீப்பற்றும் கரைப்பான்கள். இடம் ஸோன் 2, அதாவது தீப்பற்றும் ஆவி எப்போதாவது, சிறிது நேரம் மட்டும் சேரக்கூடிய இடம். பர்சேஸ் ஆர்டரிலேயே "ஸோன் 2, ஐஐஏ, டி3" என்று எழுதிக் கொடுத்தோம். உங்கள் விற்பனைப் பிரிவும் அதை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டது. ஐஐஏ என்பது ஆவியின் வகை. டி3 என்றால் வண்டியில் எந்த வெளிப்பரப்பும் 200 டிகிரியைத் தாண்டக் கூடாது. ஹெக்ஸேன் ஆவி தானாகப் பற்றிக்கொள்ளும் வெப்பம் 225 டிகிரியை ஒட்டி இருக்கிறது. கைவசம் இருக்கும் இடைவெளி வெறும் 25 டிகிரி. அந்த ஆவி காற்றைப் போல மூன்று மடங்கு கனம். தரையோடு தவழ்ந்து வந்து ஃபோர்க்லிஃப்ட் எஞ்சினுக்கு அடியில்தான் தங்கும். இந்தத் தொழிலிலேயே இருக்கும் உங்களுக்கு இதெல்லாம் தெரிந்ததுதான்.

இப்போது குறைக்கு வருகிறேன். வாட்டர் ஜாக்கெட் (சுற்றிலும் தண்ணீர் ஓடும் உறை) போட்ட எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கும் எக்ஸாஸ்ட் கூலருக்கும் நடுவில் குழாய்களை இணைக்கும் ஃபிளாஞ்சில் சுமார் 60 மி.மீ அகலத்துக்கு ஜாக்கெட் இல்லை. தண்ணீர் அங்கே போவதே இல்லை. 2.5 டன் சுமையோடு ரேம்ப்பில் 45 நிமிடம் ஏற்றி இறக்கிவிட்டு, பரப்பைத் தொட்டு வெப்பம் அளக்கும் தெர்மோகப்பிளை வைத்தால் 236 டிகிரி. இதைச் சொன்னதும் உங்கள் டெக்னீஷியன் வந்து இன்ஃப்ராரெட் கன்னை நீட்டி "140தான் சார் காட்டுது" என்றார். அவர் குறிவைத்தது பளபளக்கும் ஸ்டெயின்லெஸ் கிளாம்ப் மேல். பளபளப்பான ஸ்டீல் தன் வெப்பத்தைச் சரியாக வெளிவிடாது, கன் குறைத்துத்தான் காட்டும். அதே கிளாம்ப்பில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு மேட் கறுப்பு ஹீட் பெயிண்ட் அடித்து, அவர் வைத்திருந்த அதே கன்னால் எங்கள் ஃபிட்டர் அளந்தார். 231 காட்டியது. சர்வீஸ் ஷீட்டில் அந்த 231 இல்லை. 140 மட்டும் எழுதி என்னிடம் கையெழுத்து கேட்டார். நான் போடவில்லை.

அதன் பிறகு அவர் செய்த வைத்தியம், அந்த ஃபிளாஞ்ச் மேல் கிளாஸ் ஃபைபர் டேப் சுற்றிவிட்டுப் போனது. மேலே எஞ்சின் மூடியான ராக்கர் கவரில் லேசாக ஆயில் கசிகிறது. ஒரு வாரத்தில் அந்த டேப் முழுக்க ஆயிலைக் குடித்துவிட்டது. 236 டிகிரி இரும்பின் மேல் ஆயில் ஊறிய திரியைச் சுற்றிவைத்திருப்பதை நீங்களே நேரில் பார்த்தால் சும்மா இருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். கேஸ்கட் ஊதி இணைப்பில் புகை கசிந்தாலும் டேப்புக்கு உள்ளே தெரியாது. ஆயில் ஊறியதைப் பார்த்த அன்றே டேப்பைக் கழற்றி எறிந்துவிட்டோம்.

புகைச் சூடு ஏறினால் எஞ்சினைத் தானாக நிறுத்தும் டெம்பரேச்சர் ஷட்டவுன் இருக்கிறதே, அதுவாவது எஞ்சினை நிறுத்தியிருக்க வேண்டாமா? நிறுத்தாது. சென்சார் சாக்கெட்டின் ஆழம் 60 மி.மீ, நீங்கள் கொடுத்த புரோப் 50 மி.மீ. முனை சாக்கெட்டுக்குள்ளேயே நிற்கிறது, புகை அதைத் தொடுவதே இல்லை. ஒரு ஸ்கேல் வைத்து அளந்திருந்தால் பொருத்திய அன்றே தெரிந்திருக்கும்.

அடுத்தது ஃபிளேம் ட்ராப், அதாவது எஞ்சினிலிருந்து தீ எக்ஸாஸ்ட் வழியாக வெளியே வராமல் தடுக்கும் பிளேட் அடுக்கு. எனக்குத் தூக்கம் போனது இதனால்தான். பிளேட்டுகளுக்கு நடுவே இடைவெளி 0.5 மி.மீ என்று உங்கள் டிராயிங் சொல்கிறது. வந்தபோது சரியாகத்தான் இருந்தது, இடைவெளி அளக்கும் 0.5 ஃபீலர் கேஜ் தகடு எல்லாப் பக்கமும் இறுக்கமாகப் போனது. கரி அடைத்ததும் பேக் பிரஷர் (புகை வெளியேற முடியாமல் குழாயில் ஏறும் அழுத்தம்) ஏறியது. நீங்கள் கொடுத்த தாளில் உச்சவரம்பு 75 மில்லிபார், அதாவது சுமார் 765 மி.மீ தண்ணீர். எங்கள் 'U' வடிவக் குழாய் மேனோமீட்டரில் (அழுத்தம் அளக்கும் கருவி) 900 மி.மீ வந்தது. பேக் பிரஷர் ஏறினால் எஞ்சின் திணறும், கரி இன்னும் கூடும், புகைச் சூடு ஏறும், அந்த ஃபிளாஞ்ச் இன்னும் கொதிக்கும். ஒன்றோடு ஒன்று கோத்த விஷயம் இது. அதனால் சுத்தம் செய்யக் கூப்பிட்டோம். உங்கள் கையேட்டில் சூடான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, நீராவியோ தண்ணீரோ பீய்ச்சிக் கழுவ வேண்டும், கம்பி பிரஷ் கூடாது என்று தெளிவாக இருக்கிறது. வந்தவர் என்ன செய்தார் தெரியுமா? பழைய ஹேக்சா பிளேடை எடுத்து ஒவ்வொரு இடைவெளியிலும் இறக்கிச் சுரண்டினார். ஹேக்சா பிளேடின் தடிமன் 0.65 மி.மீ. இடைவெளி 0.5. போகாத இடத்தில் சின்னச் சுத்தியலால் தட்டி இறக்கினார். எங்கள் ஃபிட்டர் தடுத்தும் கேட்கவில்லை. இப்போது இரண்டு மூலைகளில் 0.8 ஃபீலர் கேஜ் தாராளமாக நுழைகிறது.

இதற்கு உங்கள் அலுவலகம் கொடுத்த பதில், "ஹெக்ஸேனுக்கு 0.93 வரைக்கும் பரவாயில்லை, 0.8 அதுக்குள்ளதானே சார் இருக்கு" என்பது. ஐயா, தீ தாண்டாத அதிகபட்ச இடைவெளி என்று சொல்லும் அந்த 0.93 ஆய்வுக்கூடத்தில், சாதாரண அறை வெப்பத்தில், 25 மி.மீ நீளமுள்ள ஃபிளாஞ்ச் வழியில் எடுத்த அளவு. எக்ஸாஸ்ட் குழாயில் வருவது கொதிக்கும் புகை. வாயு சூடாக இருந்தால் தீ இன்னும் சின்ன இடைவெளியிலும் தாண்டும், அதனால்தானே நீங்களே 0.5 என்று டிசைன் செய்தீர்கள்? வளைந்த பிளேட் சூட்டில் இன்னும் எவ்வளவு வளையும் என்று யாரால் சொல்ல முடியும்? தயாரித்த கம்பெனியே இப்படிப் பேசினால் நான் யாரிடம் போய்க் கேட்பது?

மாற்று ட்ராப் அனுப்புவதாகச் சொன்னீர்கள், அதற்கு நன்றி. 12 நாள் கழித்துப் பெட்டி வந்தது. மேலே "ஃபிளேம் ட்ராப்" என்று ஸ்டிக்கர். உள்ளே இருந்தது டெயில் பைப்பில் மாட்டும் ஸ்பார்க் அரெஸ்டர்.

அதைத் தூக்கிக்கொண்டு, வளைந்த ட்ராப்பையும் எடுத்துக்கொண்டு, லோடு ஆட்டோ வைத்து மணலியிலிருந்து மாதவரம் வழியாக அம்பத்தூரில் உள்ள உங்கள் சர்வீஸ் சென்டருக்கு வந்தோம். காலை 10 மணிக்குப் போய், மதியம் 2 மணிவரை உட்காரவைத்துவிட்டு, "ஸ்டாக் எடுக்கிறாங்க, ஸ்டோர் திறக்க மாட்டாங்க" என்றார்கள். முதல் நாள் போன் செய்து கேட்டபோது "வாங்க சார், ரெடியா இருக்கு" என்று சொன்னதும் உங்கள் ஆட்கள்தான்.

கவுண்டரில் இருந்தவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "ரெண்டும் ஒண்ணுதான் சார், நெருப்பைத்தானே நிறுத்துது. லாரிக்காரன் எல்லாம் இதைத்தான் மாட்டிக்கிட்டு டெப்போவுக்குள்ள போறான். உங்களுக்கு மட்டும் என்ன ஸ்பெஷல்?" பத்துப் பேர் நிற்கும் இடத்தில், தலையை நிமிர்த்திக்கூடப் பார்க்காமல் சொன்னார். இரண்டும் ஒன்று இல்லை என்று அங்கே இருந்த ஒருவரும் சொல்லவில்லை. ஸ்பார்க் அரெஸ்டர் சிவந்த கரித்துகளைச் சுழற்றிப் பிடிக்கும், அவ்வளவுதான். எஞ்சினுக்குள் போன ஆவி பற்றிக்கொண்டு எக்ஸாஸ்ட் வழியாகத் தீயாக வெளியே வந்தால் அது தடுக்காது. அதற்குத்தான் ஃபிளேம் ட்ராப். லாரிக்கு அது போதும் என்பதற்கும் காரணம் உண்டு, லாரி நிரப்புமிடத்துக்கு வந்ததும் எஞ்சினை நிறுத்திவிடுகிறது. ஃபோர்க்லிஃப்ட் அந்த டிரம்களுக்கு நடுவிலேயே நாள் முழுக்க ஓடுகிறது.

அவசரத்தில் எஞ்சினுக்குப் போகும் காற்றை மூடி அதை நிறுத்தும் இன்டேக் வால்வு சரியாக வேலை செய்யவில்லை என்று சொன்னதற்கு அதே ஆள், "சாவியை ஆஃப் பண்ணா நிக்கப் போவுது, அதை எதுக்கு இழுத்துப் பார்த்துக்கிட்டு இருக்கீங்க" என்றார். இதை என்னால் மறக்க முடியவில்லை. டீசல் எஞ்சின் காற்றோடு சேர்த்து ஆவியை இழுக்க ஆரம்பித்தால் அந்த ஆவியே எரிபொருள். சாவியை ஆஃப் செய்தால் டீசல்தான் நிற்கும், எஞ்சின் நிற்காது. எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் கருவியாலும் பிடிக்க முடியாது. காற்றை மூடினால்தான் நிற்கும். 2005 மார்ச் 23, அமெரிக்காவில் டெக்சஸ் சிட்டி சுத்திகரிப்பு ஆலையில் 15 பேர் செத்தார்கள், 180 பேர் காயம். வழிந்த ஹைட்ரோகார்பன் ஆவிக்குள் எஞ்சின் ஓடிக்கொண்டு நின்ற ஒரு டீசல் பிக்கப் வண்டிதான் தீ வைத்திருக்க மிகவும் சாத்தியம் என்று விசாரணை அறிக்கை சொன்னது. அந்த எஞ்சின் தானாக வேகமெடுத்து அலறியதைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். இந்த வால்வை விற்கிற கவுண்டரில் இருப்பவருக்கு, அது எதற்கு என்று சொல்லிக்கொடுக்க வேண்டியது உங்கள் பொறுப்பு இல்லையா?

அந்த வால்வின் நிலையையும் சொல்ல வேண்டும், மேலே சொல்ல விட்டுப்போனது. ஐடிலிங்கில் வால்வை மூடினால் 3, 4 விநாடியில் எஞ்சின் அடங்க வேண்டும். எங்கள் வண்டி 40 விநாடி ஓடியது. நீங்கள் அனுப்பிய இரண்டு பேரும் வால்வைக் கழற்றித் துடைத்து மாட்டினார்கள், சரியாகவில்லை. கடைசியில் எங்கள் ஃபிட்டர்தான் கண்டுபிடித்தார். கிராங்க்கேஸ் பிரீதர் ஹோஸ் (எஞ்சினின் ஆயில் பகுதியில் சேரும் ஆவியை வெளியேற்றும் குழாய்) வால்வுக்குப் பின்னால், இன்டேக் மேனிஃபோல்டு பக்கம் இணைத்திருக்கிறது. வால்வு மூடினாலும் எஞ்சின் பிரீதர் வழியாகக் காற்றையும் ஆயில் ஆவியையும் சேர்த்து இழுக்கிறது. அந்த 'T' வடிவ இணைப்பை அடைத்து, பிரீதரை வால்வுக்கு முன்னால் மாற்றிச் சோதித்தோம். 4 விநாடியில் நின்றது. ஆனால் வால்வுக்கும் இன்டேக் மேனிஃபோல்டுக்கும் நடுவில் உள்ள சாதா ரப்பர் ஹோஸ் வெற்றிடத்தில் சப்பி உள்ளே மடங்குகிறது. அங்கே கம்பி வைத்த ஹோஸ்தான் வேண்டும். இதை நாங்கள் மாற்றினால் "கஸ்டமர் கை வைத்தார், வாரண்டி இல்லை" என்று நீங்கள் சொல்வீர்கள் என்பதால் தொடாமல் வைத்திருக்கிறோம்.

நஷ்டத்தைப் பற்றி. 41 நாளாக 200 லிட்டர் டிரம்களை ஆட்கள் டிராலியில் தள்ளுகிறார்கள். டொலுவீன் டிரம் ஒன்று 190 கிலோ. இரண்டு பேருக்கு முதுகு போய்விட்டது, ஒருவர் வேலைக்கே வருவதில்லை. லாரிகள் வாசலில் காத்துக் கிடந்து டெமரேஜ் (காத்திருப்புக் கட்டணம்) ஏறியதில் நான்கு வாடிக்கையாளர்கள் வேறு கிடங்குக்குப் போய்விட்டார்கள். இந்த வருட வியாபாரமே உங்களால் அழிந்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். இதற்கு நீங்கள் கிட் விலையைத் திருப்பிக் கொடுத்தாலும் ஈடாகாது.

இன்னொன்று. சான்றிதழில் உள்ள எஞ்சின் மாடலும் எங்கள் வண்டியின் எஞ்சின் மாடலும் ஒன்று இல்லை. ட்ராப்பில் பொறித்த சீரியல் எண்ணும் சான்றிதழில் இல்லை. இது எழுத்துப்பிழை என்றால் திருத்திக் கொடுங்கள். பிழை இல்லை என்றால், வேறு எஞ்சினுக்குச் சோதித்த கிட்டை எங்களுக்குப் பொருத்தியிருக்கிறீர்கள் என்றுதான் அர்த்தம். அதைப் பற்றி நான் உங்களிடம் பேச மாட்டேன், சென்னையில் உள்ள பெசோ (பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு) அலுவலகத்திலும் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்திலும் பேசுவேன். ஹெக்ஸேன் ஏ வகுப்புப் பெட்ரோலியம் (மிக எளிதில் தீப்பற்றும் வகை), பெட்ரோலியம் விதிகள் 2002-இன் கீழ் உரிமம் எங்கள் பெயரில் இருக்கிறது. நாளை ஒன்று நடந்தால் முதலில் பிடிபடுவது நாங்கள்தான். வக்கீல் நோட்டீஸும் தயாராக இருக்கிறது.

அந்த அளவுக்குப் போக எனக்கு விருப்பமில்லை. உங்கள் கம்பெனியின் வாட்டர் ஜாக்கெட் வேலை நன்றாக இருக்கிறது, மேனிஃபோல்டில் 110 டிகிரிக்கு மேல் போனதே இல்லை. அந்தத் தரம் மற்றதிலும் இருந்திருந்தால் இந்தக் கடிதமே தேவைப்பட்டிருக்காது. ஆகவே பணிவாகக் கேட்பது இதுதான்: ஜாக்கெட் உள்ள புது ஃபிளாஞ்ச்; 0.5 இடைவெளியில் சோதித்த இரண்டு ஃபிளேம் ட்ராப்புகள், எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றி மாட்டிக் கழுவ ஒன்று போதாது. புகைக்குள் முனை நிற்கும் நீளத்தில் புரோப். கம்பி வைத்த ஹோஸும் பிரீதர் மாற்றமும் உங்கள் கையால். எங்கள் எஞ்சினுக்கான சான்றிதழ். இவை எல்லாம் இந்தக் கடிதம் கிடைத்த 10 நாளுக்குள் வேண்டும். அம்பத்தூர் கவுண்டரில் இருப்பவர் பேசியதற்கு எழுத்தில் வருத்தம் தெரிவிக்க வேண்டும்.

இந்த முறை வருகிறவர் ஃபீலர் கேஜும் தொடு தெர்மோகப்பிளும் மேனோமீட்டரும் கையோடு கொண்டுவர வேண்டும். கேட் பாஸுக்கு முந்தின நாளே அவர் பெயரை அனுப்புங்கள். மொபைல் போனைச் செக்யூரிட்டியிடம் வைத்துவிட்டுத்தான் உள்ளே வர முடியும். முழுச் சுமையில் 45 நிமிடம் ஓட்டி, அளவுகளை இருவரும் பார்த்து எழுதிய பிறகுதான் சர்வீஸ் ஷீட்டில் கையெழுத்துப் போடுவேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பராமரிப்புப் பொறுப்பாளர்