தலைவர் விடுப்பில் போகலாம், கிளை மேலாளர் போகலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நிறுவனத் தலைவர்கள் தங்கள் அச்சத்தையும் தளர்ச்சியையும் ஊழியர்களிடம் மறைக்காமல் பேச வேண்டும் என்று வலியுறுத்தித் தங்கள் வணிகப் பக்கத்தில் வெளியான கட்டுரையைப் படித்தேன். கருத்து எனக்கும் உடன்பாடே. ஆனால், தலைவர் அப்படிப் பேசிய பிறகு அவருக்குக் கீழே உள்ளவர்களின் நிலை என்ன ஆகிறது என்பதைக் கட்டுரையாளர் தொடவே இல்லை. வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், அந்தத் துறையிலிருந்தே ஒரு நிகழ்வைச் சொல்ல விரும்புகிறேன்.

பிரிட்டனின் லாயிட்ஸ் வங்கிக் குழுமத்துக்கு 2011 மார்ச்சில் தலைமைச் செயல் அதிகாரியாக வந்தவர், போர்ச்சுகலைச் சேர்ந்த அன்டோனியோ ஹோர்ட்டா-ஒசோரியோ. 2008 நிதி நெருக்கடியில் அரசு பணம் போட்டுக் காப்பாற்றிய வங்கி அது. அவர் வந்தபோது அதன் பங்குகளில் சுமார் 40 சதவீதம் அரசின் கையில் இருந்தது. வங்கியை நிமிர்த்தும் பொறுப்பு முழுவதையும் தம் தலைமேல் போட்டுக்கொண்டு உழைத்தவருக்கு, சில மாதங்களிலேயே தூக்கம் அறவே போய்விட்டது. மிகுந்த சோர்வினால் மருத்துவ ஆலோசனையின்படி அவர் விடுப்பில் செல்கிறார் என்று அந்த ஆண்டு நவம்பரில் வங்கி வெளிப்படையாக அறிவித்ததும் பங்கு விலை சரிந்தது. அவர் திரும்பி வருவாரா என்ற கேள்வியும் எழுந்தது. 2012 ஜனவரியில் அவர் திரும்பினார். 2011ஆம் ஆண்டுக்கான ஊக்கத்தொகை தமக்கு வேண்டாம் என்றார். 2017இல் அரசு தன் கடைசிப் பங்கையும் விற்று வெளியேறியபோது அதே நாற்காலியில் அவரே இருந்தார். (பிற்பாடு வேறொரு வங்கியின் தலைவராக இருந்து, கொரோனா தனிமைப்படுத்தல் விதிகளை மீறியதற்காக 2022இல் பதவி விலகியவரும் இவரே. இவரைப் புனிதராக்குவது என் நோக்கமன்று.)

இதைத் தனிமனிதத் துணிச்சல் என்று பாராட்டுவோர் பலர். அந்தத் துணிச்சலுக்கு இடம் கொடுத்த இயக்குநர் குழுவைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அவர் குணமாகும் வரை அவருடைய பதவியை அவருக்காகவே வைத்திருந்தார்கள். அவரும் தம் அனுபவத்தை வெளியில் எழுதிப் பேசியதோடு நில்லாமல், வங்கியின் மூத்த அதிகாரிகளுக்கென மனநலத் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தார். மூத்த அதிகாரிகளுக்கு என்பதே அதன் குறை என்றும் சொல்லலாம். ஆனாலும், வெறும் பேச்சைவிட அது மேல்.

வெறும் பேச்சுக்கும் எடுத்துக்காட்டு உண்டு. அமெரிக்காவின் வீட்டுக்கடன் நிறுவனமான பெட்டர்.காம், 2021 டிசம்பரில் சுமார் 900 ஊழியர்களை ஒரே ஜூம் கூட்டத்தில் வேலையிலிருந்து நீக்கியது. சில நிமிடங்களே நீடித்த அந்தக் கூட்டத்தில், முன்பு ஒருமுறை இதேபோல் செய்ய நேர்ந்தபோது தாம் அழுததாக அதன் தலைவர் விஷால் கர்க் குறிப்பிட்டார். வேலையை இழந்து நிற்பவர்கள், நீக்கியவரின் வருத்தத்தையும் சேர்த்துக் கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. இதையும் மனம் திறத்தல் என்றே கணக்கில் சேர்ப்பதா?

நம் ஊருக்கு வருவோம். டெபாசிட், கடன், காப்பீடு என்று ஒவ்வொன்றுக்கும் டார்கெட் வைத்து, மண்டல அலுவலகம் நாள்தோறும் கணக்குக் கேட்கும் சூழலில், ஒரு கிளை மேலாளர் ஆய்வுக் கூட்டத்தில் எழுந்து, "எனக்குச் சில வாரங்களாகத் தூக்கம் இல்லை, கொஞ்ச நாள் ஓய்வு வேண்டும்" என்று சொல்ல முடியுமா? சொன்னால் விடுப்பு கிடைக்கலாம். அடுத்த பதவி உயர்வுப் பட்டியலில் அவர் பெயர் இருக்குமா என்பதுதான் சந்தேகம். அதனால்தான் எங்கள் காலத்தில் மன உளைச்சலுக்கு விடுப்பு கேட்டவர்கள்கூட விண்ணப்பத்தில் முதுகுவலி என்றே எழுதினார்கள். உடல் நோய்க்கு உள்ள அதே அடிப்படையில் மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு தர வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. காப்பீடு செலவைத்தான் ஏற்கும். பதவி உயர்வுக்கு அது பொறுப்பேற்காது.

ஆகவே தங்களுக்கு ஒரு வேண்டுகோள். மனம் திறந்து பேசும் தொழிலதிபர்களைத் தங்கள் செய்தியாளர்கள் அடுத்த முறை பேட்டி காணும்போது, அவர்களுடைய நிறுவனத்தில் இதே காரணத்தைச் சொல்லி விடுப்பு எடுத்த கீழ்நிலை ஊழியர் யாராவது உண்டா, திரும்பி வந்தபோது அவருக்குப் பழைய பொறுப்பே கிடைத்ததா என்பதையும் கேட்டு, வரும் பதிலை அப்படியே வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்,
மதுரை.